அன்னிக்கு டிக்கெட் போட்டது நான் இல்லை

கண்ணு, நைனா பேசறேன். எழுதறேன்னுதான் சொல்லணும், ஆனா நான் பேசப் பேச போன்தான் எழுதிக்கினு இருக்குது. புள்ளி, கமா எல்லாம் நானே வாயால சொல்லிக்கினு வரேன். எங்கனா தப்பு விழுந்திருந்தா தள்ளிட்டுப் படி. இன்னிக்கு அமாவாசை. உங்கம்மா காலையிலயே மேல்மலையனூர் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ்ஸைப் புடிச்சுப் போயிட்டா, நாளைக்குத்தான் வருவா. அவ வீட்ல இருக்கிறப்ப இந்தக் கடிதத்தை நான் பேசவே முடியாது. பாதியில வந்து போனைப் புடுங்கி, 'நல்லா இருக்கிற புள்ள மனசை ஏன்யா நோகடிக்கிற'ன்னு ஆரம்பிச்சிடுவா. அவ பயப்படறதுக்குக் காரணமும் இருக்குது. இதுல அவளுக்கும் பங்கு உண்டு.

வர்ற வெள்ளிக்கிழமை, நீங்க பண்ணின அந்த பஸ் கம்பெனி வெப்சைட்டைத் திறக்கப் போறோம்னு சொன்ன. அதுக்குள்ள நீ இதைப் படிச்சாகணும். உன்கூட உக்காந்து வேலை செய்யற பசங்களுக்கும் படிச்சுக் காட்டு, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். சுத்தி வளைக்காம சொல்லிடறேன். மூணு வாரத்துக்கு முன்ன, நீ வீடியோ கால்ல பாத்துக்கினு இருக்கிறப்ப, உன் சைட்டுல செஞ்சியிலருந்து கோயமுத்தூருக்கு டிக்கெட் போட்டது நான் இல்ல. உங்கம்மா போட்டா.

அந்தப் பசங்களுக்கு என்னைத் தெரியாது, அதனால அவங்களுக்கு ரெண்டு வார்த்தை. தம்பிங்களா, நான் இருபத்து மூணு வருஷம் பஸ் கண்டக்டரா இருந்தவன். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை ரூட்டு. கண்ணுல அழுத்தம் ஏறி, ஓரத்துலருந்து கொஞ்சம் கொஞ்சமா பார்வை போச்சு. மொதல்ல பக்கத்துல நிக்கிற பயணி தெரியல. 'பஸ்ஸுல லைட்டே சரியில்ல, மாத்துய்யா'ன்னு டிரைவர்கிட்ட ஒரு மாசம் சண்டை போட்டேன், பாவம் அந்த ஆளு ரெண்டு தடவை பல்பு மாத்தினாரு. டாக்டர்கிட்ட போறதுக்குள்ள பாதி போயிடுச்சு, மீதி ரெண்டு வருஷத்துல போச்சு. இப்ப மொத்தமா இருட்டுத்தான், ஆறு வருஷம் ஆகுது. அதுக்கப்புறம் எட்டு மாசம் ஒரு நாற்காலியிலயே உக்காந்துக்கினு வீட்ல இருக்கிறவங்க மேல எரிஞ்சு விழுந்தேன். அதுலருந்து என்னை எழுப்பினது ஸ்டெல்லாங்கிற பொண்ணு.

ஸ்டெல்லாவை உனக்கு நல்லாத் தெரியும், இது உன் பசங்களுக்காகச் சொல்றேன். அனந்தபுரத்துக்குப் பக்கத்துல மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடற குடும்பம், பொறந்ததுலருந்தே பார்வை இல்ல, உன்னைவிட நாலஞ்சு வயசு சின்னவ. கண்ணாஸ்பத்திரியில பார்த்துப் பழக்கம். எனக்குப் போனைக் கத்துக் கொடுத்தது அவதான். விரலை வச்சா அங்க இன்னா இருக்குதுன்னு போன் படிச்சுச் சொல்லும், வேணும்னா ரெண்டு தட்டு தட்டணும், அவ்வளவுதான் பாடம். ஆனா நான் படிக்க எடுத்துக்கினது ஆறு மாசம். கோவத்துல ஒரு நாள் போனைத் தூக்கி எறிஞ்சிட்டேன். 'போன் ஒடஞ்சா வேற வாங்கலாம் அங்கிள், நீங்க ஒடஞ்சா ஆன்ட்டிக்குத்தான் கஷ்டம்'னு சொல்லிட்டு, மறுநாள் அதே நேரத்துக்குக் கூப்பிட்டா. இன்னிக்கு நான் பேப்பர் செய்தி கேக்கிறேன், கேஸ் புக் பண்றேன், உனக்கு லெட்டர் பேசறேன்னா எல்லாம் அவ போட்ட பிச்சை.

அப்ப உனக்கு ஏன் ஒழுங்கா டெஸ்ட் பண்ணிக் கொடுக்கலன்னு கேப்ப. நீ எத்தனை தடவை சொன்ன, 'நைனா, நீயேதான் பண்ணணும், அம்மா கை வைக்கக் கூடாது, எங்க மாட்டுதோ அங்க மாட்டட்டும், அதுதான் எனக்கு வேணும்'னு. நானும் சரி சரின்னு தலையாட்டினேன். நீ கூப்பிடறதுக்கு மொத நாளே தனியா உக்காந்து ஒத்திகை பாத்தேன்டா. ஒண்ணும் நடக்கல. ரெண்டாவது பக்கத்தைத் தாண்ட முடியல. உங்கம்மாவைக் கூப்பிட்டேன். மறுநாள் அவளோட போனை டி.வி. பக்கத்துல சொம்பு மேல சாய்ச்சு வச்சு, என் மூஞ்சும் தோளும் மட்டும் உனக்குத் தெரியற மாதிரி பாத்துக்கினா. அப்பால தரையில என் காலடியில உக்காந்து, என் மடியில இருந்த போன்ல அவ தட்டினா. நான் காதுல இயர்போனை மாட்டிக்கினு, 'ம்... தேதி போட்டாச்சு... ம்... சீட்டு எடுத்தாச்சு'ன்னு உனக்குச் சொல்லிக்கினு இருந்தேன். கடைசியில நீ குரல் ஒடஞ்சு 'தேங்க்ஸ் நைனா'ன்னு சொன்ன பாரு, அப்ப உங்கம்மா என் முழங்கால்ல வாயை அழுத்திக்கினு அழுதா. நான் 'சூப்பரா இருக்குதுடா'ன்னு சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கு நல்லாத் தெரியும். நீ மறந்திருக்க மாட்ட, ஆனா இதப் பத்தி நாம ஒரு நாளும் பேசினது இல்ல. பத்தாவது படிக்கிறப்ப காந்தி பஜார் பக்கத்து பிரவுசிங் சென்டர்ல உக்காந்து நீயா ஒரு வெப் பக்கம் பண்ணின. எங்க டிப்போ பஸ்ஸுங்க செஞ்சிக்கு எத்தனை மணிக்கு வருது, எத்தனை மணிக்குப் போவுதுன்னு எல்லாம் போட்டு, மேல என் பேரையும் போட்டு, பிரிண்ட் எடுத்துக்கினு பஸ் ஸ்டாண்டுக்கே ஓடி வந்த. நான் டீக்கடையில டிரைவரோட நின்னுக்கினு இருந்தேன். வாங்கிப் பாத்துட்டு, 'பஸ் டைம் வேணும்னா நம்மகிட்ட கேட்டுட்டுப் போறான், இதுக்கு இன்னாடா பிரயோசனம்'னு சொல்லிச் சிரிச்சேன். டிரைவரும் சிரிச்சாரு. நீ அந்தப் பேப்பரை நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சிக்கினு போயிட்ட. அதுக்கப்புறம் காலேஜ் முடிக்கிற வரைக்கும் நீ பண்ணின ஒண்ணையும் எனக்குக் காட்டல. மார்க் ஷீட்டைக்கூட அம்மாகிட்டதான் காட்டுவ. அப்பத்தான் நான் முடிவு பண்ணேன், இனிமே இந்தப் புள்ள எதைக் கொண்டாந்து காட்டினாலும் நல்லாயிருக்குதுன்னுதான் சொல்லணும்னு. பாக்கிறதுக்குக் கண்ணு இருந்தப்ப உன் வேலையைக் கேலி பண்ணேன். கண்ணு போனப்புறம் பாக்காமலே பாராட்டினேன். ரெண்டுமே ஒரே தப்புதான், ரெண்டு தடவையும் நீ பண்ணினது இன்னான்னு நான் தெரிஞ்சிக்கல.

இது நமக்குள்ள ஒரு பொய்யா இருந்திருந்தா அப்படியே விட்டிருப்பேன், கண்ணு. செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனா நான் அதோட நிக்கல. பெருமை தாங்காம ஸ்டெல்லாவுக்கு போன் போட்டு, 'என் புள்ள பண்ணின சைட்டுல நானே டிக்கெட் போட்டேன்'னு அளந்து விட்டேன். அவளுக்குக் கோயமுத்தூர்ல ஒரு பேங்க்ல வேலை வந்திருக்குது. பரீட்சை எழுதி, இன்டர்வியூ முடிச்சு, ஆர்டர் கையில இருக்குது, அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி சேரணும். அவ அண்ணன்தான் இழுத்துப் புடிச்சிக்கினு இருக்கான். கெட்டவன் இல்ல, அப்பா போனதுலருந்து அவளைத் தோள்ல தூக்கிச் சுமந்தவன், பயம். 'உன் டிக்கெட்டை நீயே ஒரு தடவை என் கண்ணெதிர்ல போட்டுக் காட்டு, அப்பால நான் வாயைத் தொறக்கல'ன்னு சொல்லியிருக்கான். சரின்னு, சோதனைக்காகக் கொஞ்சம் பேருக்கு மட்டும் நீங்க திறந்து விட்ட அந்த லிங்க்கை நான்தான் அவளுக்கு அனுப்பினேன். போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்து, அண்ணன் பக்கத்துல உக்காந்து பாக்க, அவ ஆரம்பிச்சிருக்கா. ஒண்ணரை மணி நேரம். மூணு தடவை. கடைசியில அண்ணன் போனை வாங்கி அஞ்சு நிமிஷத்துல போட்டுட்டு, 'இதுக்கே நான் வேணும்னா அங்க உனக்கு யாரு இருப்பா'ன்னு கேட்டிருக்கான்.

ரெண்டு நாள் கழிச்சு எனக்குப் போன் பண்ணா. 'சைட்டு மேல தப்பு இல்ல அங்கிள். நீங்க பண்ணீங்களே. உங்களுக்குக் கத்துக் கொடுத்த எனக்கே வரலன்னா, எனக்கு அவ்வளவுதான் போல. வேலைக்கு வரலன்னு லெட்டர் எழுதி வச்சிட்டேன்' அப்படின்னா. சைட்டு சரியில்லன்னா அவ திட்டிட்டு வேற வழி பாத்திருப்பா, அவ அப்படிப்பட்ட பொண்ணு. நான் சொன்ன பொய்தான் அவளை அவளே சந்தேகப்பட வச்சிச்சு. அந்த நேரத்துலயே போன்ல சொல்லியிருக்கலாம். அப்புறம் கூப்பிடறேம்மான்னு வச்சிட்டேன்.

மறுநாள் உங்கம்மாகிட்டகூட சொல்லாம குச்சியை எடுத்துக்கினு கெளம்பினேன். அனந்தபுரம் பஸ்ஸுல கண்டக்டர் என் குரலைக் கேட்டே 'வாண்ணே'ன்னு கையைப் புடிச்சு ஏத்தி விட்டான். வழியெல்லாம் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு ஒத்திகை பாத்தேன், அவங்க வீட்ல போய் உக்காந்ததும் எல்லாம் மறந்து போச்சு. 'நான் போடல ஸ்டெல்லா, வீட்டுக்காரி போட்டா'ன்னு மட்டும் சொன்னேன். அவ, 'மூணு நாளா சாப்பாடு எறங்கல அங்கிள் எனக்கு'ன்னா. கோவமா சொன்னாளா, நிம்மதியா சொன்னாளான்னு இன்னும் எனக்குத் தெரியல. வாசப்படியில அவ அண்ணன் நின்னுக்கினு இருந்திருக்கான், அவன் குரல் அப்பத்தான் வந்துச்சு. 'அப்ப அது இவ தப்பு இல்லியா?' 'இல்லப்பா'ன்னேன். 'இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே'ன்னான். கெளம்பறப்ப அவதான் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தா. 'உங்க பையனுக்குச் சொல்லிட்டீங்களா?' 'இன்னும் இல்ல.' 'எனக்குச் சொன்னதைவிட அவருக்குச் சொல்றதுதான் அவசரம் அங்கிள்'னா.

அதனால இன்னிக்கு, வீட்ல யாரும் இல்லாத நேரத்துல, நீ அன்னிக்குக் கேட்டதைச் செஞ்சேன். இப்ப நான் சொல்றது நெஜமான டெஸ்ட்டு, குறிச்சுக்கோ. உள்ள நுழையறதுக்கு முன்னாடியே நான் மனுஷன்தானான்னு கேக்குது. பஸ் இருக்கிற படத்தையெல்லாம் தொடணுமாம். இருபத்து மூணு வருஷம் பஸ்ஸுல பொழப்பு நடத்தினவன்கிட்டடா கேக்குது இதை. விரலை வச்சா 'படம், படம், படம்'னு ஒம்போது தடவை சொல்லுது, வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. காதால கேக்கிற மாதிரி ஒண்ணு ஓரத்துல இருக்குதுன்னு ஸ்டெல்லா சொல்லியிருந்ததால அதைத் தேடித் தாண்டினேன். தேதி போடற எடத்துல எதைத் தொட்டாலும் 'பட்டன்'னுதான் சொல்லுது. எந்தத் தேதின்னு சொல்ல வேணாமா? குருட்டாம்போக்குல ஒண்ணைத் தட்டினேன், நேத்துத் தேதிக்குப் போகக் கூடாதுன்னு எங்கியோ செவப்பு எழுத்துல காட்டியிருக்குது, போன் அதைப் படிக்கல. அடுத்த வீட்டுப் பொண்ணைக் கூப்பிட்டுக் கேட்டப்புறம்தான் அது எழுதியிருந்ததே எனக்குத் தெரிஞ்சுது. அவ திரும்பிப் போனப்புறம் மறுபடி மொதல்லருந்து ஆரம்பிச்சேன்.

சீட்டு எடுக்கிற பக்கத்துக்கு வந்தப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. பச்சைன்னா காலி, பழுப்புன்னா போயிடுச்சு, ரோஸ்னா பொம்பளைங்களுக்குன்னு நீ அன்னிக்கு ஆசையா சொன்ன. எனக்கு அது மூணும் ஒண்ணுதான்டா. அமாவாசை ஸ்பெஷல்ல படிக்கட்டு வரைக்கும் சனம் தொங்கறப்ப, எந்த சீட்டுல யாரு எங்க எறங்குவாங்கன்னு நடந்துக்கினே சொல்லுவேன் நான். உன் பஸ்ஸுல என்னால ஒரு சீட்டைக் கண்டுபுடிக்க முடியல. ஒவ்வொண்ணும் 'படம்'. தட்டினா எடுத்துச்சா, விட்டுச்சா, அதுவும் சொல்லல. தடவிக்கினே இருக்கிறப்ப நேரம் முடிஞ்சு போச்சுன்னு மொத பக்கத்துக்கே தள்ளிடுச்சு. நேரம் ஓடுதுன்னே எனக்குத் தெரியாது. இங்கதான் அந்தப் பொண்ணு மூணு தடவை மாட்டியிருக்கா, அண்ணன் பாத்துக்கினு இருக்கிறப்ப. கஷ்டப்படறவங்க உதவிக்குக் கூப்பிடலாம்னு கீழ ஒரு போன் நம்பர் போட்டிருக்கிற. காது கேக்காதவங்க எந்த வாயால கூப்பிடுவாங்க? கை நடுங்கறவங்க அந்தப் பொடிக் கட்டத்தை எப்படித் தொடுவாங்க? நான் இதெல்லாம் குத்திக் காட்டறதுக்காகச் சொல்லல, நீ கேட்டதே இதைத்தான்.

இன்னொண்ணையும் சொல்லிடறேன், இது நீ பொறக்கிறதுக்கு முன்ன நடந்தது. பார்வை இல்லாத ஒரு ஆளு அடிக்கடி நம்ம பஸ்ஸுல வருவாரு, வல்லம் வந்தா சொல்லுங்கன்னு கேட்டுக்குவாரு. ஒரு நாள் கூட்டத்துல சொல்ல மறந்துட்டு, ரெண்டு ஸ்டாப் தாண்டி வெயில்ல எறக்கி விட்டேன். அவரு குச்சியைத் தட்டிக்கினு திரும்பி நடந்தாரு. எனக்குக் கொஞ்சம் வருத்தம், அவ்வளவுதான். ஸ்டாப்பைச் சொல்றது நான் அவருக்குச் செய்யற உதவின்னு நெனச்சிருந்தேன். ஒரு நாள் செய்யலன்னா இன்னா குடி முழுகிடப் போவுதுன்னு இருந்துட்டேன். அவரும் எல்லாரையும் மாதிரி டிக்கெட் எடுத்தவர்தானே, எறங்க வேண்டிய எடத்துல எறக்கி விடறது என் வேலைதானே, அது அந்த வயசுல எனக்கு உறைக்கல. நீயும் உன் பசங்களும், எங்களை மாதிரி ஆளுங்க சைட்டைப் பயன்படுத்த வழி பண்றதை உதவின்னு நெனச்சிடாதீங்க. உதவின்னு நெனச்சா கடைசி நாள்ல நேரம் பத்தலன்னு மொதல்ல வெட்டறது அதைத்தான். கதவு வைக்கிறப்பவே வைக்க வேண்டிய தாழ்ப்பாள் அது.

இப்ப விஷயத்துக்கு வரேன். சைட்டுல மேலயே 'பார்வையற்ற பயணி ஒருவர் யாருடைய துணையும் இல்லாமல் பயன்படுத்திப் பார்த்தது'ன்னு ஒரு வரி போடப் போறதா சொன்ன. அதை எடுத்துடு. உங்க முதலாளிகிட்ட, 'எங்க நைனா பொய் சொல்லிட்டாரு'ன்னு சொல்லு. என் பேரைச் சொல்லியே சொல்லு, எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போகாது. வெள்ளிக்கிழமையைத் தள்ளி வைக்க முடியுமான்னு கேளு. அவரு திட்டுவாரு, வாங்கிக்கோ, அது நான் வாங்க வேண்டிய திட்டு. ஞாயித்துக்கிழமை கெளம்பி வா. ஸ்டெல்லா நம்ம வீட்டுக்கு வரேன்னு சொல்லியிருக்கா, அவ அண்ணனும் வரான். வேலைக்கு வரலன்னு எழுதின லெட்டரை அதுவரைக்கும் கொடுக்க மாட்டேன்னு எனக்கு வாக்குக் கொடுத்திருக்கா. நான் கேட்டேன், 'ஏம்மா, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பஸ் ஏறிப் போக உனக்குத் தெரியாதா'ன்னு. 'அதெல்லாம் தெரியும் அங்கிள். அண்ணன் கண்ணு முன்னாடி விழுந்தேன், அங்கியேதான் எழுந்திருக்கணும்'னா. அவ போனைத் தடவறப்ப நீ பக்கத்துல உக்காந்து பாரு. கை நீட்டாத, சொல்லிக் கொடுக்காத. அவ எங்க நிக்கிறாளோ அதை எழுதிக்கினு போய் சரி பண்ணு. பன்னெண்டு நாள் இருக்குது ஒண்ணாந்தேதிக்கு.

இதைப் படிச்சிட்டு உனக்கு என் மேல கோவம் வரும். வரட்டும். உடனே பேச வேணாம்னு தோணிச்சுன்னா பேசாத, ஆனா வா. உங்கம்மாவைத் திட்டாத, நான் கூப்பிட்டதாலதான் அவ உக்காந்தா. நீ பண்ணினதெல்லாம் நல்லாயிருக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தாத்தான் உனக்கு என் பாசம் தெரியும்னு நெனச்சு இத்தனை வருஷத்தை ஓட்டிட்டேன். என்னை மாதிரி ஒருத்தனும் பஸ் ஏறணும்னு எவனுமே நெனைக்காதப்ப, எங்க மாட்டுதோ அங்க மாட்டட்டும் நைனான்னு கேட்டவன் நீ. அந்தக் கேள்விக்காகவே உன்னை எனக்கு அவ்வளவு புடிக்குது. அதனால இப்ப பயமில்லாம பதில் சொல்றேன். நீ பண்ணினது சரியில்லப்பா. என்னால டிக்கெட் போட முடியல.